சாமலாப் புலிக்கு ஒரு துப்பாக்கி, வரையாட்டுக்கு வேறொன்று

திருப்பதியிலிருந்து பீலேரு போகும் பேருந்து ரங்கம்பேட்டையைத் தாண்டி, பாகராபேட்டை மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும்போது வலப்பக்கம் விரிவது சேஷாசலக் காடு. தலக்கோனா அருவிக்குப் போகிறவர்களுக்குப் பழகிய வழிதான். அந்தக் காட்டின் ஒரு பகுதிக்குச் சாமலா பள்ளத்தாக்கு என்று பெயர். பழைய புத்தகங்களில் அது சித்தூர் மாவட்டக் காடு. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானதும் அந்தப் பக்கமெல்லாம் திருப்பதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆங்கிலத்தில் வேட்டைக் கதை படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகம். பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட முதல் புத்தகத்தில், சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு புத்தகத்தில் ரேணிகுண்டா - கடப்பா ரயில் பாதையில் இருக்கும் மாமண்டூர்ப் புலி வருகிறது. அவர் எழுதியதில் நடந்தது எவ்வளவு, சுவைக்காகச் சேர்த்தது எவ்வளவு என்ற வழக்கு வாசகர்களிடையே இன்னும் ஓயவில்லை. கையில் இருந்த துப்பாக்கியைப் பற்றி மட்டும் வழக்கே கிடையாது. அது .405 வின்செஸ்டர்.

அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895-ஆம் ஆண்டு மாடல். விசைக்குக் கீழே வளையம்போல ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அதற்கு முந்தைய வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதில் கூர்முனைக் குண்டு போட முடியாது. பின்னால் இருக்கும் தோட்டாவின் முனை முன்னால் இருப்பதன் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். சுடும்போது வரும் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடலாம். பிரௌனிங் இதில் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். 1904-இல் இதற்கென்றே .405 தோட்டா வந்தது. குண்டின் எடை 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேகம் வினாடிக்குச் சுமார் 2,200 அடி. 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் இதை எடுத்துப்போய்ச் சிங்கத்தின்மேல் சோதித்துப் புகழ்ந்து எழுதியதில் அதன் பெயர் ஓங்கியது.

சாமலா மாதிரி முள்ளும் மூங்கிலும் அடர்ந்த காட்டில் பரண் மேல் உட்கார்ந்திருப்பவருக்குப் புலி தெரிவதே இருபது, முப்பது கஜத்தில்தான். அதுவும் இருட்டில், துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், சில வினாடிகள். அங்கே வேண்டியது தொலைவு போகும் குண்டு அல்ல. பக்கத்தில் இருப்பதைப் படுக்கவைக்கும் கனமான குண்டும், சட்டென்று கிடைக்கும் இரண்டாவது வெடியும்தான். அந்த வேலைக்கு .405 கச்சிதம்.

இதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் மலை ஆட்டைத் தேடிப் போயிருந்தால் என்ன ஆகும்?

சேஷாசலத்தில் அப்படி ஒரு ஆடு இல்லை. தெலுங்கில் கொண்டகொர்ரெ என்று சொல்லப்படும் விலங்கு உண்டு. ஆனால் அது நாலு கொம்பு மான், மலை ஆட்டு இனம் அல்ல. இருபது கிலோ அளவுக்கு வளரும், புதருக்குள் ஒடுங்கி வாழும். தென்னிந்தியாவில் உண்மையான மலை ஆடு ஒன்றே ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடு. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதை நீலகிரி ஐபெக்ஸ் என்றார்கள். வயதான கிடாயின் முதுகில் வெளிறிய சேணம்போலப் பட்டை விழும். வேட்டைக்காரன் தேடியது அந்தக் கிடாயைத்தான்.

கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் போன்ற மதராஸ் ராணுவ அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் அதன் பின்னால் அலைந்திருக்கிறார்கள். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. அவர் சுடத் தொடங்கிய நாட்களில் குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து நிரப்ப வேண்டும். ஒரு வெடி தவறினால் அடுத்ததற்குள் மந்தை மலைக்கு அப்பால் போயிருக்கும். வரையாட்டு மந்தையில் எப்போதும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்து காவல் பார்க்கும். அவற்றின் கண் பெரும்பாலும் கீழ்ப்பக்கமே இருக்கும், ஆபத்து அங்கிருந்து ஏறி வரும் என்ற எதிர்பார்ப்பில். ஆகவே தேர்ந்த வேட்டைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போய் மேலேயிருந்து இறங்குவார்கள். சுற்றுவதற்குள் மூடுபனி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பது வேறு விஷயம்.

புல்வெளியில் மறைவில்லை. ஆகவே நெருங்க முடியாது. அதற்கு மேல் இன்னொரு சிக்கல்: வரையாடு மேய்வது புல்வெளியில் என்றாலும், பயந்தால் ஓடுவது செங்குத்துப் பாறைக்கு. குண்டு பட்ட ஆடு நாலு தாவு தாவினால் போதும், ஆயிரம் அடிப் பள்ளத்தில் விழுந்து, கொம்பும் உடைந்து, யாருக்கும் உதவாமல் போகும். எங்கே நிற்கும்போது சுடுவது என்பதை, எங்கே விழும் என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். புலி வேட்டையில் இந்தக் கவலை இல்லை.

தோட்டா என்பது குண்டு மட்டுமல்ல. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் சின்ன மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு, நான்கும் சேர்ந்தது. குழலைவிட்டு வெளியே வந்த அந்தக் கணமே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. வேகமாகப் போகும் குண்டு குறைந்த நேரத்தில் இலக்கை எட்டிவிடுவதால் குறைவாக விழுகிறது. மெதுவான, மொட்டை முனைக் குண்டு காற்றில் வேகத்தை இழந்து அதிகம் விழுகிறது. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்த .405-ஐ 200 கஜத்தில் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே போகும். 300 கஜத்தில் இரண்டரை அடி. ஆட்டின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் வட்டமே ஒரு சாண்தான். தூரத்தைக் கணிப்பதில் ஐம்பது கஜம் பிசகினால் காலில் படும், அல்லது பாறையில் படும். பிறகு காயம்பட்ட ஆட்டைத் தேடி நாள் முழுக்க மலையில் அலைய வேண்டும்.

ஆண்டர்சனுக்கு வடக்கே, இமயமலைப் பக்கத்தில், இன்னொரு ஆட்கொல்லி வேட்டைக்காரர் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1907-இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. ஜெர்மனியின் மௌசர் 1890-களில் கொண்டுவந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் .275. சின்னக் குண்டு, நல்ல வேகம், தோளை அதிகம் உதைக்காத துப்பாக்கி. 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை முடித்ததும் அதே ரிக்பிதான். குமாவுன் மலைகளில் காலையில் காட்டு ஆட்டையும் மாலையில் சிறுத்தையையும் ஒரே துப்பாக்கியால் சுடக்கூடியவர்கள் இதைத்தான் விரும்பினார்கள். கனத்த புலி எதிர்பார்க்கப்பட்டால் கார்பெட்டே பெரிய இரட்டைக் குழலை எடுத்துக்கொண்டார்.

மலை ஆட்டு வேட்டைக்கென்றே ஒரு தோட்டாவின் பெயர் நிலைத்ததென்றால் அது 1925-இல் வின்செஸ்டர் வெளியிட்ட .270. அதை நிலைக்கச் செய்தவர் அரிசோனாவில் பிறந்து, அமெரிக்க வேட்டை இதழொன்றில் பல்லாண்டு துப்பாக்கிப் பகுதியைக் கவனித்த ஜாக் ஓ'கானர். அவருக்குப் பித்து முழுவதும் மலைச் செம்மறிகள் மேல். 130 கிரெயின் குண்டு, எடை எட்டரை கிராம்கூட இல்லை. வேகம் வினாடிக்கு 3,000 அடிக்கு மேல். 200 கஜத்துக்குக் குறி வைத்துவிட்டால் 300 கஜத்தில் அரை அடிக்குச் சற்று அதிகமாகத்தான் தாழும். குறி வைத்த தூரம் இரண்டிலும் வேறு என்றாலும், .405-இன் இரண்டரை அடியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓ'கானரின் பிடிவாதம் புரியும். பிற்காலத்தில் எத்தனையோ தோட்டாக்கள் வந்துவிட்டன. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் இப்போது இளைஞர்களின் செல்லம். கணக்கு மட்டும் மாறவில்லை. பெரிய கிடாய் என்றாலும் மலை ஆடு நூறு கிலோவை ஒட்டிய விலங்குதான். யானைக் குண்டு தேவையில்லை.

மலைச் சரிவு வைக்கும் ஒரு பொறி புதியவர்களை வீழ்த்தாமல் விடுவதில்லை. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலேதான் போகும். மேல்நோக்கிச் சுட்டால் தாழும், கீழ்நோக்கிச் சுட்டால் உயரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளலாம். ஏணியின் நீளம் ஒன்று, ஏணியின் காலுக்கும் சுவருக்கும் இடையே தரையில் உள்ள தூரம் வேறு. குண்டை மண் இழுப்பது அந்தத் தரைத் தூரத்தின் கணக்கில்தான். 45 டிகிரிச் சரிவில் ஆடு 300 கஜத்தில் நின்றால், குறி வைக்க வேண்டியது 212 கஜத்துக்கு. இதை மறந்து 300 கஜத்துக்கான உயரம் கொடுத்தால் குண்டு முதுகைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைத் தானே போட்டுச் சொல்லும் லேசர் கருவிகள் இன்று கையகலத்தில் வந்துவிட்டன. கார்பெட் காலத்தில் அது கண்ணிலும் அனுபவத்திலும் இருந்தது.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டின் வேகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அது லாபம். பக்கவாட்டில் வீசும் பள்ளத்தாக்குக் காற்று அந்த லாபத்தைப் பறித்துக்கொள்ளும்.

பிறகு எடை. சமவெளியில் நாலு கிலோ துப்பாக்கி ஒரு பொருட்டே இல்லை. விடியலில் தொடங்கி மூவாயிரம் அடி ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். ஆகவே மலைக்கான ரைஃபிள்களில் குழலை மெல்லியதாக்கி, மரக் கட்டைக்குப் பதில் கண்ணாடி இழைக் கட்டை போட்டு, தொலைநோக்கியோடு சேர்த்து மூன்று கிலோவை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இதற்கும் விலை உண்டு. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார், குண்டு எங்கோ போகும். இலேசான துப்பாக்கியில் பெரிய தோட்டாவைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்களின் வீராப்பு பெரும்பாலும் முதல் வெடியோடு முடிந்துவிடுகிறது. நன்றாகச் சுடக்கூடிய சின்னத் தோட்டா, பயந்து சுடும் பெரிய தோட்டாவைவிட மேல் என்பதில் தேர்ந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மேல்மூச்சு வாங்கும்போது நின்றுகொண்டு சுடுவது வீண். தோள்மூட்டையைப் பாறை மேல் வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, படுத்துச் சுட வேண்டும்.

குண்டு எதனால் ஆனது என்பதும் இப்போது விவாதமாகிவிட்டது. ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும். வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலைத் தின்னும் கழுகினங்களுக்கு ஈயம் நஞ்சாகும். கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் இப்படிச் செத்ததை ஒட்டி, 2019 முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செம்புக் குண்டுதான்.

இந்தியாவில் துப்பாக்கித் தேர்வில் வேட்டைக்காரனுக்கு முன்னால் அரசாங்கம் வந்து நிற்கும். 1907-இல் ஆங்கிலேய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுக் கலகக்காரர்கள் கையில் சேரும் என்ற பயம். யானை, காட்டெருமை வேட்டைக்கு .450 துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்த லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .470 என்று புதுத் தோட்டாக்களை உருவாக்கின. அவை இன்றும் ஆப்பிரிக்காவில் புழங்குகின்றன. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே தர்க்கம் தொடர்ந்தது. .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு இல்லை. அதற்காகவே இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை .315 என்ற அளவில் பொதுமக்களுக்கான ரைஃபிள் செய்கிறது. சித்தூர்ப் பக்கம் உரிமம் பெற்ற ஒருவர் வங்கிக் காவலுக்கோ தற்காப்புக்கோ வைத்திருப்பது அந்த .315 ஆக இருக்கலாம். அதை வைத்து எந்தக் காட்டு விலங்கையும் தன்னிச்சையாகச் சுட வழியில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை என்ற பொழுதுபோக்கின் முடிவு தொடங்கியது. ஆட்கொல்லி என்றாலும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் அனுமதித்தால்தான் உண்டு. ஆண்டர்சன் 1974-இல் இறந்தபோது அவர் எழுதிய உலகம் சட்டப்படி பழங்கதையாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வரையாட்டுக்கு அதற்கு முன்பே சிறு காவல் இருந்தது. நீலகிரியில் வேட்டைக்காரர்களே 1877-இல் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் மதராஸ் அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. நோக்கம் கருணை அல்ல, அடுத்த பருவத்துக்கும் சுட ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான். ஆனால் அந்தத் தன்னலம்தான் மந்தைகளை முற்றிலும் அழியாமல் வைத்தது என்பதை மறுக்க முடியாது. இப்போது வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழக அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி 2022-இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. கணக்கெடுப்புகளில் தமிழகப் பகுதியில் 2024-இல் 1,031, மறு ஆண்டு 1,303 தெரிந்தன.

வேலி தாண்டினால் கதை வேறு. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற திருகு கொம்பு மலை ஆட்டைச் சுட ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய உரிமங்கள் ஏலம் போகின்றன. அண்மையில் ஓர் உரிமம் 2 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அதில் 80 சதவீதம் அந்தந்த மலைக் கிராமங்களுக்கு. ஊரார் திருட்டு வேட்டையைத் தாங்களே தடுக்கத் தொடங்கினார்கள். 2015-இல் மார்க்கோர் அழிவின் விளிம்புப் பட்டியலிலிருந்து மேலேறியது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, கணக்கைப் பார்த்து வாயடைப்பவர்களும் உண்டு. நியூசிலாந்தில் இன்னும் விசித்திரம். 1904-இல் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட இமயமலைத் தார் ஆடுகள் அங்கே பல்கி, மலைச் செடிகளை மொட்டையடிக்கின்றன. இந்தியாவில் தொட்டால் சிறை என்னும் விலங்கை அங்கே அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது.

வரையாடு வாழும் நம் மலைகளில் இன்று அதிகாரபூர்வமாகத் தோளில் ஏறுவது மயக்க ஊசித் துப்பாக்கி. ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டுவதும் வரையாட்டுத் திட்டத்தின் பணிகளில் ஒன்று. அங்கே பழைய வேட்டைக்காரனின் கேள்விகள் எல்லாம் திரும்ப வருகின்றன, தலைகீழாக. ஊசி மெதுவாகப் போக வேண்டும், வேகம் கூடினால் எலும்பை உடைக்கும். மெதுவாகப் போவதால் வளைந்து விழும். நாற்பது, ஐம்பது கஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். மருந்து ஏற நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஆடு பாறை விளிம்புக்கு ஓடிவிட்டால், ஹாமில்டன் காலத்து அதே பள்ளம். எங்கே விழும் என்று பார்த்துச் சுடும் கட்டுப்பாடு கால்நடை மருத்துவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

திருப்பதியில் அந்த ஊசி கூட கடைசிப் பட்சம்தான். 2023 ஆகஸ்டில் அலிப்பிரியிலிருந்து மலையேறும் நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானாள். ஆண்டர்சன் காலத்தில் அது ஊருக்கு ஒரு வேட்டைக்காரரைத் தந்தி கொடுத்து வரவழைக்கும் செய்தி. இம்முறை வனத்துறை கூண்டுகளை வைத்தது, பாதையோரம் கேமராக்களைக் கட்டியது. அடுத்த சில வாரங்களில் பல சிறுத்தைகள் கூண்டில் சிக்கின. மலையேறும் பக்தர்களுக்குத் தேவஸ்தானம் ஆளுக்கொரு கைத்தடி கொடுத்தது.